நான் செய்ததாகச் சொன்ன மஃபின்

என் மகள் விரும்பிய பையனின் அம்மா முதன்முதலாக என்னைப் போனில் அழைத்தபோது, நான் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பெயரைச் சொன்னதும் யார் என்று தெரிந்துவிட்டது. ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என்னவோ அவர் என்னைப் பார்த்துவிடுவார் என்பது போல.

அவர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா மருத்துவமனையில் உத்தியோகம், அண்ணன் தம்பிகள் வக்கீல், கணக்காய்வாளர் என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். என் தாத்தாவும் மலாயாவுக்குக் கப்பலில் வந்தவர்தான். ஆனால் ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தார். என் அப்பா அம்மாவும் அதே தோட்டத்தில் மரம் வெட்டினார்கள். நான் படித்து அலோர் காஜாவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, தங்கா பத்துவில் வீடு வாங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் "மலாக்கா" என்று மட்டும் சொல்லப் பழகியிருந்தேன்.

டீச்சர் நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள், நாம் பெரியவர்கள் பேசிப் பழக வேண்டாமா என்றார். பேச்சுவாக்கில், "இப்பதான் காலமைச் சாப்பாடு முடிச்சனான். ஒரு மஃபினை டோஸ்ட் பண்ணி, கொஞ்சம் பட்டரும் மார்மலேடும். வயசு போனா இவ்வளவுதானே" என்றார்.

"நாங்களும் மஃபின் சாப்பிடுவோம் டீச்சர். ஆனா கடையில வாங்கறதில்ல. வீட்லயே செஞ்சிடுவேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. அன்று காலை நாங்கள் சாப்பிட்டது முதல் நாள் சாதத்தை வறுத்துப் போட்ட நாசி கோரெங். மஃபின் என்றால் காகிதக் கிண்ணத்தில் வரும் சின்ன கேக் என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டிலயோ!" என்றார் டீச்சர். குரலில் உண்மையான ஆச்சரியம். "நான் ஒரு நாளும் செய்து பாக்கேல்லை. அப்ப வரேக்க உங்கட கையாலதான் சாப்பிடுவன்."

சாயங்காலம் மகளிடம் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, அவங்க சொன்னது கப்கேக் இல்லலா. இங்கிலீஷ் மஃபின். வட்டமா, தட்டையா, நடுவுல பிரிச்சா உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும். பர்கர் கடையில முட்டை வச்சு விக்கறாங்களே, அது."

"அதுவா? அது கடினமா?"

"நீங்கதானே வாரா வாரம் செய்றீங்க?" என்று சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை.

டீச்சரும் பையனும் எங்கள் வீட்டுக்கு வர மூன்று வாரம் இருந்தது. வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதல் தடவை தோசைக்கல்லில் தீயைக் கூட்டி வைத்ததில் வெளியே கருகி உள்ளே பச்சை மாவு பிசுபிசுத்தது. இரண்டாவது தடவை மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மாவைப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்தேன். வந்தது என்னவோ வட்டமாகத்தான் வந்தது. என் கணவர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். "கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுக்கலாம்" என்றார். மூன்றாவது தடவை வெயிலில் மாவு அளவுக்கு மீறிப் புளித்துச் சாராய வாசனை அடித்தது.

அப்போதுதான் என் தம்பி மனைவியின் நினைவு வந்தது. அல்லது, முன்பே வந்திருந்தது, நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறான். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, அவன் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி என்னைவிட நான்கைந்து வயதுதான் இளையவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். மலாக்கா நகரில் ஒரு ஹோட்டலின் காலை உணவுச் சமையலறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். தட்டுக் கழுவப் போனவள், இப்போது ரொட்டி, பேஸ்ட்ரி எல்லாம் அவள் கையில். வெள்ளைக்காரர்கள் அவள் செய்ததைத்தான் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "தம்பி சம்சாரம் ஹோட்டல்ல வேலை செய்யுது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அழைத்துக் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நம்ம பிள்ளைக்கா? ஐயோ அக்கா, இதைக் கேக்கணுமா? சனிக்கிழமை லீவு போட்டுடறேன். மாவை முதல் நாளே வீட்ல பிசைஞ்சு ஃபிரிஜ்ல வச்சுக் கொண்டாந்துடறேன். அங்க வந்து பிசைஞ்சா ருசி வராது, அது மெதுவாதான் பொங்கணும்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ரெம்பியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். பின்னால் ஐஸ் பெட்டியில் மாவு, ஒரு துண்டில் சுற்றிய எஃகு வளையங்கள், ஒரு பொட்டலம் ரவை. கூடவே ஒரு துணிப் பையும் இருந்தது. நேராகக் குளியலறைக்குப் போய் அந்தப் பையிலிருந்து ஊதா நிறச் சுடிதார் ஒன்றை எடுத்து உதறி, சுருக்கம் விழாமல் கதவுக் கொக்கியில் மாட்டினாள்.

"விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடி மாத்திக்கிறேன் அக்கா" என்றாள்.

நான் "ம்" என்றேன். என் மனத்தில் போட்டிருந்த திட்டம் வேறு. விருந்தாளிகள் நான்கு மணிக்கு. அவள் மூன்றுக்குள் முடித்துவிடுவாள், முடித்ததும் ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்: மழை வரப் போகுது, ரோட்டுல வழுக்கும், வெளிச்சத்தோட போய்ச் சேர்ந்துடு. அந்தச் சுடிதாரைப் பார்த்த பிறகும் நான் திட்டத்தை மாற்றவில்லை.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெட்டியைத் திறந்தபோது மாவு கூழுக்கும் ரொட்டி மாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகத் தளதளவென்று இருந்தது. "இவ்வளவு தண்ணியாவா?" என்றேன். "தண்ணியா இருந்தாதான் அக்கா உள்ள ஓட்டை விழும். ஒட்டுதேன்னு மாவு போட்டீங்கன்னா கல்லாயிடும்" என்றாள். நான் இரண்டாவது தடவை செய்ததைச் சொல்லவில்லை. மேசையில் ரவையைத் தூவினாள், எண்ணெய் தொட்ட கையால் மாவை மெல்லத் தட்டிப் பரப்பி வளையத்தால் வெட்டினாள், ஒவ்வொன்றுக்கும் மேலேயும் ரவை தூவி ஈரத் துணி போட்டு மூடினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, தீயை இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கும் அளவுக்குக் குறைத்தாள். எண்ணெயே விடவில்லை. நாலு நாலாகப் போட்டு, பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். நான் கரண்டியால் அழுத்தப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "அமுக்காதீங்க அக்கா, அது மூச்சு விடட்டும்."

முதல் நாலும் ஆறியதும் ஒன்றைக் கையிலெடுத்து, சுற்றிலும் முள்கரண்டியால் குத்திக் குத்தி இரண்டாகப் பிரித்தாள். கத்தி போட்டால் ஓட்டையெல்லாம் மூடிக்கொள்ளுமாம். உள்ளே தேன்கூடு மாதிரி இருந்தது. பட்டர் தடவி எனக்கு ஊட்டிவிட்டாள். இருபத்தி நாலு மஃபின், ஒன்றுகூட சோடை போகவில்லை.

கடைசி நாலு கல்லில் இருக்கும்போது வெளியே கார் வந்து நின்றது. மணி மூன்றே கால். கணவரும் மகளும் பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். டீச்சர் பருத்திச் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தார். பையன் போனில் யாரோடோ பேசியபடி காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.

"மன்னிக்கோணும், ரோட்டில வாகனமே இல்லை, வெள்ளன வந்திட்டம்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் உள்ளே வந்தார். எங்கள் வீடு சின்னது. வரவேற்பறையில் நின்றால் சமையலறை தெரியும். "ஆ, வாசம்!" என்று நேரே அங்கே வந்துவிட்டார்.

தம்பி மனைவி ஹோட்டலுக்குப் போடும் கறுப்புக் கால்சட்டையும் பழைய டீ சட்டையும் போட்டு, தலையைத் துணியால் கட்டி, முழங்கை வரை மாவோடு நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கும்பிடக் கையைத் தூக்கி, மாவாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தினாள்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ ஆர்?" என்றார்.

அதில் எந்த ஏளனமும் இல்லை. தெரியாதவரைப் பற்றி யாரும் கேட்கும் கேள்விதான். நான் சொன்னேன்: "உதவிக்கு வந்திருக்காங்க டீச்சர். வீட்டு வேலைக்கு."

கல்லில் மஃபின் வேகும் சத்தம்கூட இல்லை, அது சத்தமில்லாமல் வேகிற பண்டம். நான் தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். அங்கே ரவை சிந்திக் கிடந்தது.

டீச்சர் அவளைப் பார்த்து, "அப்ப மஃபின் நீங்களோ செய்தது?" என்றார்.

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

"இல்லைங்க. எல்லாம் அம்மாதான் செஞ்சாங்க. நான் ரவை தூவி எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

இருபத்தைந்து வருடமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அம்மா என்றாள். வேலைக்காரர்கள் முதலாளியம்மாவைக் கூப்பிடுகிற அம்மா.

நான் டீச்சரை வரவேற்பறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. கடைசி நாலும் கம்பித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. மேசை துடைத்திருந்தது, தரை கூட்டியிருந்தது. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. குளியலறைக் கொக்கியில் சுடிதார் இல்லை. சந்துப் பக்கம் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. எஃகு வளையங்களை மட்டும் கழுவித் துடைத்து எனக்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மகள் வந்ததும் சமையலறையில் கிசுகிசுத்தாள்: "அத்தை எங்கம்மா?"

"டியூட்டிக்குக் கூப்பிட்டாங்களாம். போயிட்டா."

டீச்சர் இரண்டு மஃபின் சாப்பிட்டார். மூன்றாவதை வீட்டுக்குக் கட்டித் தரச் சொன்னார். நான் மாவின் பதத்தைப் பற்றியும் தீயைக் குறைப்பதைப் பற்றியும் அவள் சொன்ன வார்த்தைகளையே என்னுடையதாகச் சொன்னேன். "அது மூச்சு விடணும் டீச்சர்" என்றுகூடச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் அவளை அழைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவளே கூப்பிடட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. தம்பி வேறு விஷயமாகப் பேசியபோது அவன் குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. அவனிடம் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் என் உடம்பு லேசானது. அன்று செய்ததைவிட இது கேவலம் என்று இப்போது நினைக்கிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தோம். டீச்சர் போனில், "தாய்மாமன் குடும்பத்தோட வருவார்தானே? எங்கட பக்கம் எல்லாரும் அவரைப் பாக்கோணும் எண்டு நிக்கினம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாய்மாமன் இல்லாமல் எங்களில் எந்தக் காரியமும் நடக்காது. அவன் பக்கத்தில் அவள் உட்கார வேண்டும்.

தம்பி வீட்டுக்குப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள். நான் தேதியைச் சொல்லி முடிப்பதற்குள், "நான் வரல அக்கா. அன்னிக்கு ஹோட்டல்ல பெரிய கூட்டம், லீவு தர மாட்டாங்க. அவரையும் பிள்ளைங்களையும் அனுப்பறேன்" என்றாள்.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "அப்படியா, முயற்சி பண்ணிப் பாரேன்" என்றேன். போனை வைத்ததும் அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி இரண்டு நாள் நீடித்தது. மகள் தானாகவே அத்தையைக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கும் அதே பதில்தான். ஆனால் மகள் விடவில்லை. வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள்.

"அத்தை அழறாங்கம்மா. லீவு கிடைக்காட்டி அழுவாங்களா? அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சொன்னேன். முழுதாகச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

"சின்ன பிள்ளைல எனக்குக் காய்ச்சல் வந்தப்ப யார் வந்து பார்த்துக்கிட்டா? நீங்க ஆபீஸுக்குப் போனீங்க. அத்தைதானே பஸ் ஏறி வந்தாங்க" என்றாள். பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். இல்லாட்டி இந்த நிச்சயம் எனக்கு வேணாம்" என்று எழுந்து போனாள்.

நான் முதலில் யாரிடம் போனேன் தெரியுமா? டீச்சரிடம். மலாக்கா நகரில் அவர் வீட்டு வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அன்றைக்கு அடுப்படியில் நின்றது என் தம்பி மனைவி, மஃபின் செய்தது அவள், எனக்கு அதைச் செய்யவே தெரியாது, நான் தோட்டத்தில் பிறந்தவள் என்று வரிசையாகச் சொன்னேன். எதற்காகத் தோட்டத்தில் பிறந்ததையும் குற்றம் போல அந்த வரிசையில் சேர்த்தேன் என்று தெரியவில்லை.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் தோட்டம் எண்டு எனக்கு முதல்லயே தெரியும். உங்கட மகள் முதல் நாளே சொல்லிப் போட்டா. அவவுக்கு அதில ஒரு வெக்கமும் இல்லை" என்றார். "சரி, நீங்கள் அவவிட்டப் போய்க் கதைச்சாச்சோ?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"அப்ப ஏன் முதல்ல என்னட்ட வந்தனீங்கள்?"

பதில் எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் தேநீர் கொண்டுவரப் போனார். நான் குடிக்காமல் கிளம்பினேன்.

அங்கிருந்து நேரே ரெம்பியாவுக்குப் போனேன். செம்பனைகளுக்கு நடுவே அந்தச் செம்மண் ரோட்டில் கார் ஓட்டிப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் காலணியைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். "வாங்க அக்கா" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். காரில் வரும்போது தயார் செய்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகை வந்தது. அவள் அழவில்லை.

"அன்னிக்கு ஒரு நாள் சொன்னதுக்காக நான் வருத்தப்படல அக்கா" என்றாள். "உங்களுக்கு எங்களைப் பத்தி வெக்கம்னு எனக்கு எப்பவோ தெரியும். புது வீட்டுக்குக் குடி வந்தப்ப உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு வேற ஒரு நாள்னு கூப்பிட்டீங்க. உங்க ஆபீஸ் பக்கம் அவர் லாரியை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. அவருக்கு அதெல்லாம் புரியல. அக்காவுக்கு வேலை இருக்கும்பாரு. எனக்குப் புரியும். ஆனா அந்த மஃபினுக்குக் கூப்பிட்டப்போ, சரி, அக்காவுக்கு இப்ப மனசு மாறிடுச்சுன்னு நினைச்சேன். அந்தச் சுடிதார் அதுக்குன்னே புதுசா தைச்சது அக்கா. அதான் தாங்கல."

அவள் சொன்ன எதையும் மறுக்க முடியாது. லாரி விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். செய்தவர்கள் மறந்துவிடுகிறோம்.

"நிச்சயத்துக்கு வருவியா?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்காக வர்றேன்" என்றாள். பிறகு காலணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹோட்டலில் ஆள் குறைவு, மாவு நாற்பது கிலோ பிசைய வேண்டியிருக்கிறது என்பது போன்றவற்றைச் சொன்னாள். இருட்டுவதற்குள் கிளம்பச் சொன்னாள்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. தம்பி புது வேட்டியில் தட்டை மாற்றினான். அவள் பக்கத்தில் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து, "இவதான் பிள்ளையின்ர மாமி. பெரிய ஹோட்டல்ல பேக்கர்" என்று அறிமுகம் செய்து வைத்தார். அன்று எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறிமுகத்தைச் செய்திருக்க வேண்டியவள் நான். பழத்தட்டைப் பிடித்தபடி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அத்தையோடு படம் எடுக்கப் போய்விட்டாள்.

இப்போது அவள் முன்பு போலவே பேசுகிறாள். தீபாவளிக்கு வந்தாள், முறுக்குக் கொண்டுவந்தாள், கல்யாண வேலைகளைப் பற்றி மகளோடு மணிக்கணக்கில் போனில் பேசுகிறாள். ஒன்று மட்டும் புதிது. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "அக்கா, உள்ள யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்கிறாள்.

கோபத்தில் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. நான் ஓடிப் போய்க் கேட்டைத் திறக்கிறேன். "யார் இருந்தா என்ன, நீ உள்ள வா" என்கிறேன். அவள் சிரித்துவிட்டு வருகிறாள். அடுத்த தடவையும் கேட்கிறாள்.